கண்மாய் மண்ணில் வனைந்த பானை: குறையைப் பார்த்துக் காரணம் தேடும் வழி

பானை சூளையில் உடைந்தால் முதலில் நெருப்பைத்தான் திட்டுகிறோம். நானும் இரண்டு வருடம் விறகை மாற்றினேன், காற்றுக்கு மறைப்புக் கட்டினேன், நேரத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தேன். எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த வேளார் பெரியவர் ஒருநாள் உடைந்த ஓட்டைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது போன மாசமே கண்மாய்க்கரையில உடைஞ்சது தம்பி, இன்னைக்குத்தான் உனக்குத் தெரியுது" என்றார். அதற்கப்புறம் ஒரு குறையைக் கண்டால் அது தெரிந்த இடத்தில் தேடுவதை விட்டு, ஒரு படி பின்னால் போய்த் தேடப் பழகினேன். இந்தக் குறிப்புகளும் அப்படித்தான் போகும்.

கடையில் பாக்கெட்டில் வாங்கும் களிமண்ணுக்கு இவை பொருந்தாது. கண்மாய், ஏரி, ஆற்றோரம், வயல் என்று நாமே வெட்டி எடுத்த மண்ணை, சுமார் 700 முதல் 900 டிகிரி செல்சியஸ் வரை போகும் திறந்த சூளையில் சுடுகிறவர்களுக்கானவை. நான் புழங்குவது சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய் மண். உங்கள் ஊர் மண் வேறு மாதிரி இருக்கும், ஆனால் அது காட்டும் அடையாளங்கள் இவைதான்.

மண் எடுக்கும்போதே கவனிக்க வேண்டியவை

தமிழ்நாட்டில் கண்மாய், ஏரி மண் எடுக்க வட்டாட்சியர் அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும். மண்பாண்டத் தொழிலாளர்கள் கட்டணமில்லாமல் எடுக்க வழி உண்டு. சாப்பாட்டுக்குப் புழங்கும் பாத்திரம் என்றால் ஆலைக்கழிவு தேங்கும் இடத்து மண்ணைத் தொடவே வேண்டாம். பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஆலைகளை ஒட்டிய பகுதிகளில் மண்ணில் குரோமியம் ஏறியிருக்கிறது. அந்த மண் எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும் சட்டிக்கு ஆகாது.

அப்புறம், எந்தப் புது மண்ணிலும் முதலில் ஒரு பட்டை செய்யுங்கள். 14 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம், 1 செ.மீ. கனம். ஈரமாக இருக்கும்போதே அதன்மேல் சரியாக 10 செ.மீ. கோடு கிழியுங்கள். நன்றாகக் காய்ந்தபின் கோட்டை அளந்தால் 9.4 செ.மீ. இருந்தால் சுருக்கம் 6 சதவீதம். 5 முதல் 8 வரை இருந்தால் நல்ல மண். 10-ஐத் தாண்டினால் அதைத் தனியாக வைத்துப் பானை செய்ய முடியாது, வேறு ஏதாவது கலந்தே ஆக வேண்டும். கீழே வரும் பாதிக் குறைகளுக்கு இந்த ஒரு பட்டையே பதில் சொல்லிவிடும்.

பிசையும்போதே கைக்கு அடங்கவில்லை

மண்ணைப் பென்சில் கனத்துக்குத் திரித்து விரலைச் சுற்றி வளையுங்கள். வெடிப்பு இல்லாமல் வளைந்தால் சரி. உடைந்து உதிர்ந்தால் மணலும் வண்டலும் அதிகம். ஒரு கண்ணாடிப் புட்டியில் கால்பங்கு மண்ணைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, ஒருநாள் அசையாமல் வையுங்கள். அடியில் மணல், நடுவில் வண்டல், மேலே களி என்று அடுக்கடுக்காகப் படியும். களி மெல்லிய படலமாக மட்டும் இருந்தால் அந்த இடத்தில் இன்னும் ஆழமாக வெட்டுங்கள், அல்லது கண்மாயின் உள்வாயில் தண்ணீர் கடைசியாக வற்றும் இடத்தில் எடுங்கள். நயமான களி அங்கேதான் போய்ப் படியும்.

ஈர மண்ணை அப்படியே தண்ணீரில் போட்டு, கட்டி கரையவில்லை என்று தவிப்பவர்கள் பலர். முதலில் வெயிலில் எலும்பு போலக் காயவிடுங்கள். முழுக்கக் காய்ந்த கட்டி தண்ணீரில் விழுந்ததும் தானே பொலபொலவென்று உடையும். பாதி ஈரத்தில் இருக்கும் கட்டி வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

கரைந்தபின் கலக்கி, ஒரு நிமிடம் விட்டால் பருமணல் அடியில் தங்கும். மேலே உள்ள குழம்பைக் கொசுவலையிலும், பிறகு மாவுச் சல்லடையிலும் வடிகட்டுங்கள். இரண்டு நாளில் தெளிந்த தண்ணீரை இறுத்துவிட்டு, மிச்சத்தைப் பழைய வேட்டியில் கட்டித் தொங்கவிட்டால் பதத்துக்கு வந்துவிடும். மிதித்துப் பிசைந்து, ஈரத்துணி மூடி இரண்டு வாரம் வைத்திருந்தால் இன்னும் நன்றாக வளையும். சற்று நாற்றம் வந்தால் பயப்பட வேண்டாம், மண் புளிக்கிறது என்று அர்த்தம்.

கையில் பசை போல ஒட்டிக்கொண்டு, எவ்வளவு தண்ணீர் விட்டாலும் குடித்துக்கொண்டே இருந்தால் அது கரிசல் கலந்த மண். கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கம் இதுதான் பெரும் தொல்லை. கரிசலில் உள்ள மாண்ட்மோரில்லனைட் என்ற களி வகை தன் அடுக்குகளுக்கிடையே தண்ணீரை இழுத்து வீங்கும், காயும்போது அதே அளவுக்குச் சுருங்கும். கோடையில் கரிசல் காட்டில் கால் புதையும் அளவுக்கு வெடிப்பு விழுவதை நினைத்துக்கொள்ளுங்கள், உங்கள் பானையிலும் அதுதான் நடக்கும். இதற்கு மணல் மட்டும் போதாது. செம்மண் பகுதிக் கண்மாய்க் களியைச் சரிபாதி கலந்து, அதற்குமேல் மணல் சேர்த்துப் பட்டை செய்து அளந்து பாருங்கள்.

காயும்போது வெடிக்கிறது

வெடிப்பு எங்கே விழுந்தது என்பதுதான் இதில் முக்கியம்.

உடம்பு முழுக்க வலை போல வெடித்திருந்தால் மண்ணின் சுருக்கம் அதிகம். காய்ந்த களி ஐந்து பங்குக்கு ஒரு பங்கு மணல் என்று ஆரம்பியுங்கள். நான்கு பட்டைகள் செய்து மணலை 0, 10, 20, 30 சதவீதம் என்று கலந்து பார்த்தால் உங்கள் மண்ணுக்கு எது போதும் என்று ஒரே வாரத்தில் தெரிந்துவிடும். மணலுக்குப் பதில் உடைந்த பானை ஓட்டை இடித்துச் சலித்த தூள் இன்னும் நல்லது. அது ஏற்கெனவே வெந்தது, அதனால் இனிமேல் சுருங்காது. உமியும் நறுக்கிய வைக்கோலும் பெரிய உருவங்களுக்கு ஏற்றவை. ஐயனார் கோயில் குதிரைகள் அவ்வளவு உயரத்தில் வெடிக்காமல் நிற்பதற்கு மண்ணோடு மிதித்த மணலும் உமியும் வைக்கோலும் ஒரு காரணம். கடற்கரை மணலை மட்டும் சேர்க்காதீர்கள். அதிலுள்ள உப்பும் சிப்பித்தூளும் பின்னால் வேறு இரண்டு குறைகளாக வரும்.

விளிம்பிலிருந்து கீழ்நோக்கி வெடிப்பு இறங்கினால், விளிம்பு சீக்கிரம் காய்ந்து உடம்பு ஈரமாக இருந்திருக்கிறது. விளிம்பைச் சுற்றி ஈரத்துணி போடுங்கள். ஆடிக் காற்றில் ஒரு பக்கம் மட்டும் வெடித்தால் காற்று வந்த திசையைப் பாருங்கள். அந்த மாதத்தில் நான் பானைகளைக் கூடையால் கவிழ்த்து மூடித்தான் காயவைக்கிறேன்.

அடிப்பாகத்தில் நடுவே வெடித்தால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, அடி கனமாக இருக்கிறது, தரையில் ஒட்டிக்கொண்டு சுருங்க முடியாமல் கிழிகிறது. சாம்பலோ மணலோ தூவி அதன்மேல் வையுங்கள், கொஞ்சம் இறுகியதும் கவிழ்த்துவிடுங்கள். இரண்டாவது, அடியை அழுத்தமாகத் தட்டவில்லை. நம் ஊர் உருண்டை அடிப் பானையில் இந்த வெடிப்பு ஏன் வருவதில்லை என்று வெகுநாள் யோசித்திருக்கிறேன். சக்கரத்திலிருந்து அறுத்து எடுத்தபின், உள்ளே கல்லை வைத்து வெளியே பலகையால் தட்டித் தட்டித்தான் அந்த அடியை உருட்டுகிறார்கள். ஒவ்வொரு தட்டிலும் மண் இறுகுகிறது. தட்டை அடி வைத்த குவளை செய்கிற நாம் அந்த வேலையை விட்டுவிடுகிறோம். அடியை ஒரு கட்டையால் உள்ளும் புறமும் அழுத்தித் தேயுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

கைப்பிடி, மூக்கு ஒட்டிய இடத்தில் பிரிந்தால் இரண்டும் ஒரே ஈரத்தில் இல்லை. பச்சை மண்ணும் சுட்ட மண்ணும் ஒட்டாது என்பது பழமொழி. பச்சையும் அரைக்காய்ச்சலும்கூட ஒட்டாது. இரண்டையும் ஒரே துணியில் ஒருநாள் சுற்றி வைத்து, சீப்பால் கீறி, அதே மண்ணின் குழம்பைத் தடவி ஒட்டுங்கள். முழுக்கக் காய்ந்த வெடிப்பில் ஈரமண்ணைத் திணித்து அடைக்கிற வேலை வேண்டாம். அது சூளையில் மறுபடி வாய்பிளக்கும். பானையை உடைத்துத் தண்ணீரில் போட்டால் மண் திரும்பக் கிடைத்துவிடும். சுடாதவரை நட்டம் எதுவுமில்லை.

சூளையில் "டப்" என்று வெடிக்கிறது

தீ மூட்டிய முதல் ஒரு மணி நேரத்தில் கேட்கும் சத்தம் இது. 100 டிகிரியில் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 1600 மடங்கு இடம் கேட்கும். சுவருக்குள் மாட்டிக்கொண்ட ஆவி அந்த இடத்தைப் பிய்த்துக்கொண்டுதான் வெளியேறும். வட்டத் தகடாகச் சில்லு பெயர்ந்திருந்தால் ஆவிதான் என்று உறுதி. "உள்ளே காற்று இருந்தது, அதனால் வெடித்தது" என்பார்கள். காற்று மட்டும் இருந்தால் வெடிக்காது, அந்தப் பொந்தைச் சுற்றி ஈரம் இருந்தால்தான் வெடிக்கும்.

பானை காய்ந்ததா என்று தெரிய அதைக் கன்னத்தில் வையுங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. நிறம் வெளுத்திருப்பதை நம்பி நான் ஒருமுறை ஒன்பது சட்டிகளை இழந்தேன். ஐப்பசி, கார்த்திகையில் பானை எத்தனை நாள் நிழலில் இருந்தாலும் காற்றின் ஈரத்தை வாங்கிக்கொண்டே இருக்கும். மழைக்காலத்தில் சுட்டே ஆக வேண்டும் என்றால், முதலில் வெறும் தரையில் தீ மூட்டித் தரை ஈரத்தைப் போக்குங்கள். சாம்பலைப் பரப்பி, பானைகளைச் சிறு கணப்பைச் சுற்றி வட்டமாக வைத்து, திருப்பித் திருப்பி மூன்று நான்கு மணி நேரம் சூடேற்றுங்கள். கை வைக்க முடியாத அளவுக்குச் சூடான பின்தான் அடுக்க வேண்டும்.

அடுக்கி மூட்டிய பிறகும் முதல் தீ புகைச்சலாகவே இருக்கட்டும். ஒரு எவர்சில்வர் தட்டைச் சூளையின் புகைவாயில் ஒரு நொடி காட்டி எடுங்கள். அதில் வியர்வை போல நீர் படிந்தால் இன்னும் ஆவி வருகிறது, விறகைக் கூட்டாதீர்கள்.

சுவர் கனம் 1 செ.மீ.க்குள் இருப்பது நல்லது. பொம்மையோ குதிரையோ செய்தால் உள்ளே குடைந்து, கண்ணில் படாத இடத்தில் ஒரு துளை விடுங்கள்.

சூளையைப் பிரித்தபின் விரிசல்

விரிசலின் ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள். வாய் அகன்று, உள்ளேயும் புகைக்கருமை ஏறியிருந்தால் அது காயும்போதோ சூடேறும்போதோ விழுந்தது; முந்தைய இரண்டு பகுதிகளுக்குத் திரும்பிப் போங்கள். மயிரிழை போல மெல்லியதாக, ஓரம் கூர்மையாக, உள்ளே சுத்தமான நிறத்தோடு இருந்தால் ஆறும்போது விழுந்தது. மணலில் உள்ள குவார்ட்ஸ் 573 டிகிரியில் சட்டென்று பருமன் மாறும். சூடாகும்போது விரியும், ஆறும்போது சுருங்கும். அந்த நேரத்தில் காற்று அடித்தால் ஒரு பக்கம் மட்டும் சுருங்கிப் பானை கிழியும். சூளையை மாலையில் மூட்டி, மறுநாள் காலை சாம்பலில் கைவிட்டுப் பார்த்துப் பொறுக்கும் சூடு வந்தபின் பிரியுங்கள். ஆவலில் சீக்கிரம் பிரித்துத்தான் நல்ல பானைகள் போகின்றன.

நன்றாக வெந்த பானை, ஒரு வாரம் கழித்துத் தெறிக்கிறது

என்னை அதிகம் அழவைத்த குறை இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சூளையிலிருந்து வந்தபோது தட்டினால் மணி போல ஒலித்த பானை. அலமாரியில் சும்மா இருக்கும்போது சில்லுச் சில்லாகப் பெயர்கிறது. ஒவ்வொரு குழியின் அடியிலும் ஒரு வெள்ளைப் புள்ளி. மழைக்காலத்தில் இன்னும் வேகமாக நடக்கும்.

அந்தப் புள்ளி சுண்ணாம்பு. கண்மாய் மண்ணில் சுக்கான் கல்லும் நத்தை ஓடும் சிறு துணுக்குகளாகக் கிடக்கும். சூளையில் 700 டிகிரிக்கு மேல் போகப்போக அவை வெந்து சுட்ட சுண்ணாம்பாகின்றன. சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் விட்டால் என்ன ஆகும் என்று வெற்றிலை போடுகிற வீட்டில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். கொதித்துப் பூத்து வீங்கும். பானைக்குள் உள்ள துணுக்கு காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சி வீங்கி, மேலே மூடியிருக்கும் ஓட்டைத் தள்ளிவிடுகிறது.

இதைச் சுடுவதற்கு முன்பே கண்டுபிடிக்கலாம். காய்ந்த மண்ணில் வினிகர் ஊற்றுங்கள், எலுமிச்சைச் சாறும் ஆகும். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு இருக்கிறது. சீராக லேசாக நுரைத்தால் அது நயமான தூளாகக் கலந்திருக்கிறது, பெரிய கெடுதல் இல்லை. அங்கங்கே புள்ளி புள்ளியாகப் பொங்கினால்தான் ஆபத்து.

காய்ந்த மண்ணை உலக்கையால் இடித்துச் சலிப்பவர்களுக்கே இந்தக் குறை அதிகம் வருகிறது. இடிக்கும்போது சுக்கான் கல்லும் உடைந்து சல்லடைக் கண்ணில் நுழையும் அளவுக்குச் சிறுத்துவிடுகிறது. தண்ணீரில் தானே கரையவிட்டால் களி மட்டும் கரையும். கல்லும் நத்தை ஓடும் முழுசாகச் சல்லடையில் தங்கிவிடும். நான் இடிப்பதை நிறுத்திய வருடத்தோடு பெரும்பாலான தெறிப்பும் நின்றது.

சுட்டாகிவிட்டது, இப்போதுதான் தெரிகிறது என்றால், அடுத்த சூளையில் பானைகளை வெதுவெதுப்பாக எடுத்த உடனே தொட்டித் தண்ணீரில் முழுக்க அமிழ்த்தி ஒரு இரவு வையுங்கள். துணுக்குகள் ஒரேயடியாக நீர்த்து, களிம்பாகி, ஓட்டின் நுண்துளைகளுக்குள் பரவிவிடும். சிறு துணுக்குகளுக்கு இது நன்றாக வேலை செய்யும், மிளகளவு கல்லுக்குச் செய்யாது. காய்ந்த மண் 1 கிலோவுக்கு 5 முதல் 10 கிராம் சாப்பாட்டு உப்பைக் கரைத்துப் பிசைவதும் பழைய முறை. ஆனால் அது மேற்பரப்பை வெளுக்கவைக்கும். சுடும்போது புகை வரும் பக்கம் நிற்க வேண்டாம்.

வெள்ளைப் பூப்பு

விளிம்பிலும் கைப்பிடியிலும் மாவு தடவியது போல வெளுப்பு. இது மண்ணிலுள்ள உப்புகள் தண்ணீரோடு மேலே வந்து, தண்ணீர் காயும் இடத்தில் தங்குவதால் வருவது. காற்று அதிகம் படும் இடம் விளிம்புதான், அதனால் அங்கே அதிகம். கோடையில் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும் உவர்த் தரையில் மண் எடுக்காதீர்கள். எடுத்தாகிவிட்டது என்றால் மூன்று முறை கரைத்து, தெளியவைத்து, மேல்தண்ணீரை இறுத்துவிடுங்கள். உப்பான போர்த்தண்ணீரில் கரைத்தால் செய்த வேலை வீண். மழைத்தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். சுடுவதற்கு முன் பூத்தால் ஈரப் பஞ்சால் துடைக்கலாம். சுட்டபின் பெரும்பாலும் போகாது. ஆலைகளில் இதற்குப் பேரியம் கார்பனேட் சேர்ப்பார்கள். அது விஷம், வீட்டில் வேண்டாம்.

தட்டினால் சத்தம் மந்தம்

சந்தையில் பானை வாங்கும் பெண்கள் விரல் மடக்கித் தட்டிப் பார்ப்பார்களே, அதைவிட நல்ல சோதனை கிடையாது. "ணங்" என்றால் வெந்தது. "தொப்" என்றால் வேகவில்லை, அல்லது எங்கோ மயிரிழை விரிசல் இருக்கிறது. எது என்று தெரிய ஒரு சில்லைத் தண்ணீரில் ஒரு இரவு போடுங்கள். காலையில் விரலில் குழைந்தால் அது 600 டிகிரியைக்கூடத் தொடவில்லை.

சூட்டைக் கண்ணாலேயே பார்க்கலாம், ஆனால் வெயிலில் தெரியாது. பொழுது சாயும்போது மூட்டச் சொல்வது அதற்கும்தான். இருட்டில் மங்கலான சிவப்பு தெரிந்தால் 600, 700 இருக்கும். பழுத்த செர்ரி நிறச் சிவப்பு 750-க்கு மேல். ஆரஞ்சு நிறம் ஏறினால் 900 பக்கம். சிவப்பு வரவே இல்லை என்றால் எருவாட்டியும் தேங்காய் மட்டையும் மட்டும் போதாது, சீமைக்கருவேல விறகு சேருங்கள். வைக்கோலைப் பரப்பி மேலே சேறு மெழுகி, அங்கங்கே துளை விட்டால் சூடு வெளியே ஓடாது. வேகாத பானையை மறுபடி சுடலாம், கெட்டுப்போகாது.

வெள்ளைக் களிமண்ணை எடுத்தவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. நெய்வேலி, பண்ருட்டிப் பக்கத்து வெண்களி பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் அது இறுக 1200 டிகிரிக்கு மேல் வேண்டும். நம் சூளையில் எவ்வளவு எரித்தாலும் சுண்ணக்கட்டி போலவே உதிரும். அதைச் செங்களியோடு கலந்து புழங்குங்கள்.

கருப்பு

உடைத்துப் பார்த்தால் நடுவில் கருப்புக் கோடு: மண்ணிலிருந்த இலைதழைக் கரி முழுக்க எரியவில்லை. 700 டிகிரிக்கு மேல் அவசரப்படாமல் காற்றோட்டம் விட்டு எரித்தால் போகும். பானை உப்பவில்லை என்றால் விட்டுவிடலாம்.

மேலே கருந்திட்டுகள் இருந்தால், விறகோ சாம்பலோ அந்த இடத்தை மூடிக் காற்றை மறித்திருக்கிறது. இதை நான் குறையாகவே எண்ணுவதில்லை. கீழடியிலும் ஆதிச்சநல்லூரிலும் கிடைக்கும் கருப்பு-சிவப்புப் பானைகளில் உள்பக்கமும் வாய்ப்பக்கமும் கருப்பாகவும், வெளியே சிவப்பாகவும் இருப்பது இதே காற்று மறிப்பால்தான். பானையைக் கவிழ்த்து உள்ளே உமி அடைத்துச் சுட்டுப் பாருங்கள், உங்களுக்கும் வரும். திட்டு வேண்டாம் என்றால் விறகு படாமல் பானைகளை உடைந்த ஓடுகளால் மூடிச் சுடுங்கள்.

தண்ணீர் கசிகிறது

தண்ணீர்ப் பானை என்றால் கசியத்தான் வேண்டும். வெளிப்பக்கம் வியர்த்து, அந்த ஈரம் ஆவியாகும்போதுதான் உள்ளே குளிர்கிறது. கீழே குட்டை கட்டும் அளவுக்கு ஒழுகினால் மட்டும் வேகாத குறையா, விரிசலா என்று முன்பகுதிகளில் பாருங்கள்.

சமையல் சட்டிக்கு வேலை சுடும் முன்பே தொடங்குகிறது. தோல்பதத்தில், அதாவது பாதி காய்ந்து தோல் போல விறைத்து இருக்கும்போது, கூழாங்கல்லால் உள்ளும் புறமும் பளபளக்கத் தேயுங்கள், நுண்துளைகள் அடைபடும். மேலே காவி மண்ணை நயமாக வடித்துப் பூசித் தேய்த்தால் நிறமும் கிடைக்கும். சுட்டபின் ஒருநாள் தண்ணீரில் ஊறவைத்து, வடிகஞ்சியை ஊற்றிச் சிறு தீயில் அரை மணி கொதிக்கவிட்டு, அப்படியே ஆறவிடுங்கள். கஞ்சியின் பசை துளைகளில் போய் உட்காரும். ஒழுகும் சட்டிக்குள் வார்னிஷோ பெயின்டோ அடிக்காதீர்கள். இரண்டாம் முறை கஞ்சி காய்ச்சியும் வெளியே ஈரம் வந்தால் அந்தச் சட்டியைத் தயிர் உறைய வைக்க எடுத்துக்கொள்ளுங்கள். கசிகிற சட்டியில் தயிர் கெட்டியாக நிற்கும்.